ஸ்மார்ட்வாட்ச் அன்றாட வாழ்க்கைக்கு உண்மையில் பயன்படுகிறதா? கட்டுபவர்களும் கழற்றியவர்களும் சொல்லுங்கள்

பழைய வாட்ச்காரர்
ஸ்மார்ட்வாட்ச் வாங்குவது வீண்செலவு என்பது என் கட்சி, மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். மெசேஜ் போனில் வருகிறது, அதே மெசேஜுக்கு மணிக்கட்டும் அதிர்கிறது, பதில் எழுத மறுபடி போனைத்தான் எடுக்கிறோம். கடையில் பணம் கொடுக்க க்யூஆர் ஸ்கேன் பண்ண வேண்டும், வாட்ச்சில் கேமரா கிடையாது, அதற்கும் போன்தான். ஆப்பிள் வாட்ச்சின் சாதாரண மாடல்களில் பேட்டரி 18 மணி நேரம் தாங்கும் என்றுதான் கம்பெனியே பல வருடங்களாகச் சொல்லிவந்தது. விலை குறைந்தவை ஒரு வாரம் தாங்கும், ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி போய்விட்டால் பின்மூடியைத் திறந்து மாற்றித்தர ஆள் இல்லை. அப்பா கட்டிய ஹெச்எம்டி ஜனதா எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அந்த வாட்ச் கம்பெனியையே 2016இல் மூடிவிட்டார்கள், ஆனாலும் கோளாறு வந்தால் பஜாரில் இருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர் சரிசெய்து கொடுத்துவிடுகிறார். போனால் முடியாத, ஆனால் தினமும் தேவைப்படுகிற ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்.

தாரணி தஞ்சாவூர்
சொல்கிறேன் சார். எனக்கு இரண்டு காதும் பாதிக்குமேல் கேட்காது. ராத்திரி காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குவேன். போனில் அலாரம் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைதான் எழுந்து அழும், எனக்குத் தெரியாது. வாட்ச் மணிக்கட்டில் அதிர்ந்தால் நான் மட்டும் எழுந்துகொள்கிறேன். போன் ஹாலில் இருக்க நான் சமையலறையில் இருந்தாலும் ஸ்கூலிலிருந்து அழைப்பு வருவது தெரிகிறது. இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகாத வாட்ச்தான். இதை வீண்செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பழைய வாட்ச்காரர்
தாரணி மேடம், உங்கள் தேவை நியாயமானது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விளம்பரம் உங்களைப் போன்றவர்களுக்காக வருவதில்லை. காது நன்றாகக் கேட்கிறவனிடம் இதயத்துடிப்பு, பிபி, ஆக்சிஜன், தூக்கம், மன அழுத்தம் எல்லாம் அளக்கிறது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். என் எதிர்ப்பு அந்த வியாபாரத்தின் மேல்.

இரவுப்பணி நர்ஸ்
நான் நர்ஸ். இந்த பிபி விஷயத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து இருக்கிறது. வாட்ச்சின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குகிறதல்லவா, ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக்குறையும், அதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறார்கள். இது வரைக்கும் சரியான விஞ்ஞானம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது எண்ணிக்கையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ரத்த அழுத்தத்தை அந்த வெளிச்சம் நேரடியாக அளப்பதில்லை, துடிப்பின் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறது. சாம்சங் தன் வாட்ச்சில் இந்த வசதியைக் கொடுத்தபோதுகூட, கையில் சுற்றிக் காற்றடிக்கும் பிபி மெஷினோடு ஒப்பிட்டு 28 நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஆப்பிள் 2025இல் கொண்டுவந்த வசதி எண்ணே காட்டாது, 30 நாள் தரவைப் பார்த்து உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லும். அவ்வளவு பெரிய கம்பெனிகளே இவ்வளவு தயங்கும்போது 1,500 ரூபாய் வாட்ச் எந்தத் தயக்கமும் இல்லாமல் 120/80 என்று காட்டுகிறது. அதைக் கொண்டுவந்து காட்டி "எனக்கு நார்மல்தானே சிஸ்டர், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்கிறவர்களை ஓபியில் பார்க்கிறேன். மெஷின் வைத்துப் பார்த்தால் 170க்கு மேல் இருக்கும்.

ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் வாட்ச் என்று வருகிற விளம்பரங்களையும் தயவுசெய்து நம்பாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிரே போகலாம்.

நடைப்பயிற்சி குமார்
நர்ஸ் மேடம் சொன்னது மலிவு வாட்ச்சின் பிபிக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து எல்லா வாட்ச்சையும் தள்ளிவிட முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு கோளாறு, இதயம் தாளம் தப்பித் துடிக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, ஆனால் பக்கவாதம் வரும் வாய்ப்பைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டிவிடும். வந்துவந்து போகிற கோளாறு என்பதால் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கும் நேரத்தில் சிக்காமல் போகலாம். எந்நேரமும் கையில் கிடக்கும் கருவிக்குத்தான் அது மாட்டும். வாட்ச் இதைக் கண்டுபிடிக்கிறதா என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஆப்பிளோடு சேர்ந்து நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் ஆய்வு செய்து 2019இல் முடிவை வெளியிட்டது. எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வாட்ச் எச்சரித்து, டாக்டர் உறுதிசெய்து, இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இதைப் போன் செய்யுமா சார்?

பழைய வாட்ச்காரர்
பெரியப்பா நன்றாக இருக்கட்டும் தம்பி. ஆனால் அதே ஆய்வை முழுசாகச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்தது மொத்தமே 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினரிடம்தான் அந்தக் கோளாறு பதிவானது. நூற்றுக்கு ஒருவருக்குக்கூட எச்சரிக்கை வராத ஒன்றுக்காக எல்லோரும் பத்தாயிரம், முப்பதாயிரம் செலவழிக்க வேண்டுமா?

வாட்ச் கட்டினால் எடை குறையும் என்று சொல்வதும் அப்படித்தான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் 471 இளைஞர்களை இரண்டு வருடம் கவனித்து 2016இல் வெளியிட்டார்கள். கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ.

நடைப்பயிற்சி குமார்
அந்த 34 சதவீதத்துக்குக் காரணம் இருக்கிறது சார். பட்டை வீட்டுக்குத் தபாலில் வந்து அவர்கள் ஒட்டிக்கொண்டதே எச்சரிக்கை வந்து பல நாள் கழித்து. நான்தான் சொன்னேனே, இது வந்துவந்து போகிற கோளாறு. பட்டை ஒட்டியிருக்கும்போதே மறுபடி எச்சரிக்கை வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 84 சதவீதம் பேருக்குப் பட்டையிலும் அந்தக் கோளாறு பதிவானது. அப்புறம், பிட்ஸ்பர்க் ஆய்வில் கொடுத்தது புஜத்தில் மாட்டும் பட்டை, இன்றைய வாட்ச் இல்லை.

இரவுப்பணி நர்ஸ்
இரண்டு பேரும் வயதை விட்டுவிட்டீர்கள். அந்த 0.52 சதவீதம் எல்லா வயதையும் சேர்த்த கணக்கு. 65 தாண்டியவர்களில் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கு எச்சரிக்கை வந்தது, 40க்குள் இருப்பவர்களில் மிகமிகக் குறைவு. இந்த வசதி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கையில் வாட்ச் இல்லை, காலேஜ் பையன் கையில் இருக்கிறது. இன்னொன்று, வாட்ச்சின் இசிஜி ஒரே ஒரு கோணத்தில் எடுப்பது, ஆஸ்பத்திரியில் 12 கோணத்தில் எடுக்கிறோம். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பெங்களூரு வேலன்
நான் கழற்றி வைத்தவன். காரணம் தூக்க மதிப்பெண். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் 61 என்று காட்டினால் அன்று முழுக்க அசதியாகவே இருக்கும், ராத்திரி படுக்கும்போது இன்றைக்காவது 80 வருமா என்ற யோசனையிலேயே தூக்கம் தள்ளிப்போகும். தூக்கத்தின் படிநிலைகளைச் சரியாகப் பார்க்கத் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவுசெய்ய வேண்டும். கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று சொல்வது தோராயக் கணக்கு. அந்தத் தோராயத்துக்காக நிஜத் தூக்கத்தை இழக்க நான் தயாராக இல்லை.

தாரணி தஞ்சாவூர்
வேலன் தம்பி, அந்த வசதியை மட்டும் அணைத்துவிடலாமே? நான் முதல் நாளே அணைத்துவிட்டேன்.

பெங்களூரு வேலன்
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது மணி பார்க்கும் வாட்ச்தான் அக்கா. அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மருமகள் மதுரை
நடை எண்ணிக்கை பற்றி யாருமே பேசவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார். போனிலேயே எண்ணலாம் என்று ஆண்கள் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள். உங்கள் சட்டையில் பை இருக்கிறது. என் நைட்டியிலும் புடவையிலும் பை இல்லை, நிறைய சுடிதார்களிலும் கிடையாது. காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் நடந்தாலும் போன் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது, அது என்னத்தை எண்ணும்?

பழைய வாட்ச்காரர்
இது நான் யோசிக்காத கோணம், நியாயமான பதில். ஆனால் தினமும் 10,000 என்று அது துரத்துவதை நம்பாதீர்கள் அம்மா. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியோடு பிரபலமானது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 17,000 பெண்களிடம் செய்த ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது, 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

நடைப்பயிற்சி குமார்
அதோடு கலோரிக் கணக்கையும் நம்ப வேண்டாம் அக்கா. ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகக் காட்டின, கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. 300 கலோரி எரித்துவிட்டேன் என்று இரண்டு பஜ்ஜி அதிகம் சாப்பிட்டால் கதை முடிந்தது. நான் வாட்ச்சின் பக்கம்தான் பேசுகிறேன், ஆனால் இதை மறைக்க விரும்பவில்லை.

பழைய வாட்ச்காரர்
கேட்க நன்றாக இருக்கிறது தம்பி. நான் சொல்ல வந்ததும் அதுதான், நாலு வசதிக்காக நாற்பது வசதியின் விலையைக் கொடுக்கிறோம். 2024இல் இந்தியாவில் ஸ்மார்ட்வாட்ச் விற்பனை முந்தின வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. முதல் வாட்ச் கெட்டுப்போனதும் பலர் இரண்டாவது வாங்கவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

தென்காசி மகன்
விவாதத்தைப் படித்தேன், எனக்கு ஒரு முடிவு வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டில் சித்தி இருக்கிறார், ஆனால் கதவைச் சாத்திவிட்டால் ஒன்றும் தெரியாது. விழுந்தால் எனக்குத் தகவல் வருகிற வாட்ச் வாங்கலாமா?

நடைப்பயிற்சி குமார்
வாங்குங்கள், இதற்குத்தான் வாங்க வேண்டும். ஆப்பிளின் விலை குறைந்த எஸ்இ மாடலில் விழுவதைக் கண்டறியும் வசதி உண்டு, இசிஜி கிடையாது. ஆனால் ஐபோன் இருந்தால்தான் அது ஒத்துவரும். அம்மாவிடம் ஆண்ட்ராய்டு என்றால் சாம்சங் கேலக்ஸி வாட்ச் பாருங்கள். பலமாக விழுந்தால் வாட்ச் முதலில் அதிர்ந்து கேட்கும், பதில் இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்த எண்ணுக்குத் தகவல் போகும். சிம் வசதி இல்லாத மாடல் என்றால் போன் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைக் கவனியுங்கள்.

இரவுப்பணி நர்ஸ்
முதலில் 2,000 ரூபாய்க்குப் புஜத்தில் சுற்றும் பிபி மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அப்புறம் வாட்ச். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் சுவரில் போட்டுவிடுங்கள். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருவதில் பாத்ரூம் வழுக்கல்கள் நிறைய. அம்மாக்கள் குளிக்கப் போகும்போது வாட்ச்சைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

தாரணி தஞ்சாவூர்
தண்ணீர் புகாத மாடலாகப் பார்த்து வாங்கிக் குளிக்கும்போதும் கட்டியிருக்கச் சொல்லுங்கள் தம்பி. சார்ஜ் போடுவதைச் சாயந்திரம் சீரியல் பார்க்கும் நேரத்துக்குப் பழக்கிவிடுங்கள், அப்போது அம்மா ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

தென்காசி மகன்
நல்லது அக்கா. கம்பி போட இந்த வாரமே ஆளுக்குச் சொல்கிறேன். வாட்ச்சைப் பொங்கலுக்குப் போகும்போது வாங்கிப் போய் நானே கட்டிவிட்டு, சித்தியின் எண்ணையும் அதில் போட்டுவிட்டு வருகிறேன்.