மழைக்கால மலைப்பயணம்: எந்தக் கைத்துப்பாக்கி, துரு பிடிக்காமல் எப்படி வைப்பது?

பீனிக்ஸ்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போகிறோம், கீழிருந்து கணவாய் வழியாக ஏறி மேலே குகையில் இரண்டு இரவு தங்கி இறங்குவதாகத் திட்டம். அந்த மாதத்தில் பெர்க் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மதியம் ஆனால் இடி மழை, காலையில் மூடுபனி, துணி ஒன்றும் காயாது. எல்லை ஓரத்தில் மலையேறுகிறவர்களை மறித்துப் பையைப் பறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் ஆயுதம் எடுத்துப் போகலாமா என்று யோசனை. என்னிடம் தற்காப்பு லைசென்ஸில் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று இருக்கிறது, பிளாஸ்டிக் பிடி, மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு கறுப்பு. என் மாமாவிடம் பழைய .38 ரிவால்வர், தோலுறையோடு. "மழைக்கு ரிவால்வர்தான் நம்பகம், இதை எடுத்துப் போ" என்கிறார். எதை எடுப்பது? நனைந்தால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் மூர்த்தி:
தம்பி, முதலில் மாமாவின் ரிவால்வரை மறந்துவிடு. அது அவர் லைசென்ஸில் இருக்கிறது. அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் நீ அதைத் தொடலாம், மலைக்குத் தனியாக எடுத்துப் போவது 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நேரான குற்றம். உன் பெயருக்கு மாற்றலாம் என்று நினைத்தால், தற்காப்புக்கு 13ஆம் பிரிவில் ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான். இரண்டாவதை 15ஆம் பிரிவில் விளையாட்டுக்கோ வேட்டைக்கோ என்று கேட்க வேண்டும். டிசம்பருக்குள் அது நடக்காது.

ஆனாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மழைக்கு ரிவால்வர் நல்லது என்பது பாதி உண்மைதான். தோட்டா சிக்குவது, தோட்டா அடுக்குகிற மேகசினில் ஸ்பிரிங் தளர்வது மாதிரித் தொல்லை அதில் இல்லை, சரி. ஆனால் சிலிண்டருக்குப் பின்னால் நட்சத்திர வடிவத்தில் காலித்தோட்டாவைத் தள்ளுகிற பாகம் இருக்கிறதே, அதன் அடியில் கொஞ்சம் மணல் போனால் போதும், சிலிண்டர் சுழலாமல் இறுகும், சில சமயம் மூடவே மூடாது. உள்ளே தண்ணீர் போய்விட்டால் பக்கத்தட்டைக் கழற்ற வேண்டும், அதை மலையில் செய்ய முடியாது, பழக்கமில்லாதவர் வீட்டிலும் செய்யக் கூடாது. பிஸ்டல் அப்படி இல்லை. உன்னுடைய மாதிரித் துப்பாக்கியைக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் பிரித்து, துடைத்து, மாட்டிவிடலாம். ஈரத்தில் எனக்கு வேண்டியது பிரித்துத் துடைக்கக் கூடிய துப்பாக்கிதான். அதனால் கையில் இருக்கிற 9 மி.மீ. போதும், நீ அதில் சுட்டுப் பழகியும் இருப்பாய்.

எவர்சில்வர் துப்பாக்கி வாங்கினால் துருவே வராது என்று கடையில் சொல்வார்கள், நம்பாதே. துப்பாக்கிக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்க நாளாகும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பிடி உள்ளதிலும் தோட்டாவைத் தட்டுகிற ஊசி, ஸ்பிரிங், குறிகாட்டி, மேகசின் பூட்டு எல்லாம் எஃகு. முதலில் துரு வருவது அங்கேதான், வெளியே பார்த்தால் தெரியாது.

மலைக்கழுகு:
நான் பெர்க்கில் பல வருடமாக நடக்கிறவள். துப்பாக்கி பற்றி மூர்த்தி அண்ணா சொல்லிவிட்டார், நான் மலை பற்றிச் சொல்கிறேன். குகையில் மேலே தங்குகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே ஏறினதும் எல்லை எங்கே என்று தெரியுமா? மலையின் மேல் விளிம்பில் தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து வடிகிற இடம்தான் கோடு, வேலி கிடையாது, பலகை கிடையாது. பாதை வளைந்து வளைந்து பக்கத்து நாடான லெசோத்தோவுக்குள் போய்த் திரும்பும். மூடுபனியில் இருநூறு மீட்டர் தள்ளி நடந்தால் நீங்கள் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் துப்பாக்கியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனவர். உங்கள் லைசென்ஸ் அங்கே வெறும் காகிதம். வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இந்த ஒன்றுக்காகவே விளிம்பு ஏறும் பயணத்துக்கு நான் ஆயுதம் வேண்டாம் என்பேன்.

கீழே அடிவாரத்திலும் பூங்கா எல்லைக்குள் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. முன்பே எழுதிக் கேளுங்கள், வாசலில் போய் நின்று வாதாடாதீர்கள்.

இன்னொன்று. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் அல்லது பையில் முழுக்க மூடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் மேல் மழைக்கோட்டு, அதன் மேல் பையின் இடுப்புப்பட்டை. யாராவது மறித்தால் எத்தனை நொடியில் எடுப்பீர்கள்? பறிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரவில் கூடாரத்துக்கு வெளியே கிடக்கிற ஷூவையும் பையையும்தான் குறிவைப்பார்கள். துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதையே குறிவைப்பார்கள். தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும், சிக்னல் இல்லாத இடத்திலிருந்து எப்படிச் சொல்வீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். கூட்டமாகப் போங்கள், பாதை அலுவலகத்தில் இருக்கிற பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள், பொருளை எல்லாம் உள்ளே இழுத்து வைத்துத் தூங்குங்கள்.

டொங்காட் தூண்டில்காரர்:
அக்கா சொல்வது பெர்க்குக்குச் சரி. நான் வைல்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் முகத்துவாரங்களில் மீன்பிடிக்கப் போகிறவன், அங்கே எடுத்துப் போகிறேன், அதனால் ஈரம் பற்றி நான் பேசலாம். மழைத்தண்ணீர் பெரிய எதிரி இல்லை. வியர்வையும் உப்புத்தண்ணீரும்தான். மழைக்கோட்டுக்குள் இடுப்பில் வைத்து நடந்தால் துப்பாக்கி நனைவது மழையில் அல்ல, உங்கள் வியர்வையில், அதில் உப்பு இருக்கிறது. மாலைக்குள் ஸ்லைடில் செம்மண் தூவின மாதிரிப் புள்ளி தெரியும்.

தோலுறையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் சாயமும் அதிலேயே இருக்கும், துப்பாக்கியை அதற்குள் வைத்துத் தூங்கினால் ராத்திரி முழுக்க அந்த ஈரத்தில்தான் கிடக்கும். கைடெக்ஸ் மாதிரிக் கடினப் பிளாஸ்டிக் உறை நல்லது, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கடல் தண்ணீர் பட்டால் தயங்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பலர் "தண்ணீர் ஊற்றுவதா" என்று பயப்படுகிறார்கள், உப்பை எடுக்க வேறு வழியில்லை. அப்புறம் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்.

பீனிக்ஸ்காரன்:
அக்கா, லெசோத்தோ விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. பெர்க்குக்கு எடுத்துப் போகவில்லை, முடிவு செய்துவிட்டோம். ஆனால் ஏப்ரலில் வைல்ட் கோஸ்ட் நடை ஒன்று இருக்கிறது, அதற்கு உதவும். எண்ணெய் எது? தோட்டா நனைந்தால் என்ன? வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் மூர்த்தி:
டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், அவ்வளவுதான், அதன் படலம் சீக்கிரம் போய்விடும். கழுவினபின் முதலில் அதை அடித்துத் துடைத்துவிட்டு, மேலே துப்பாக்கி எண்ணெய் போட்டால் சரி. தோட்டாக்கள் பக்கம் அதைக் கொண்டுபோகாதே, மெல்லிய எண்ணெய் தோட்டாவின் அடியில் தீப்பொறி தருகிற ப்ரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். தொழிற்சாலைத் தோட்டா மழைக்குத் தாங்கும், வீட்டில் நிரப்பினதை ஈரத்துக்கு எடுத்துப் போகாதே. பயணம் முடிந்து வந்ததும் நனைந்தவற்றைத் தனியாக வைத்து அடுத்த தடவை சுடுதளத்தில் தீர்த்துவிடு.

எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும், சொட்டச் சொட்டப் போட்டால் மணல் ஒட்டும். ஸ்லைடுக்குள் ஊசி ஓடுகிற குழிக்கு எண்ணெயே கூடாது, உலர்ந்திருக்க வேண்டும், அங்கேதான் எல்லாரும் தாராளமாக ஊற்றுகிறார்கள். மேகசினையும் பிரித்து ஸ்பிரிங்கைத் துடை. வெளிப்பக்க எஃகுக்கு மெழுகு தேய்த்தால் எண்ணெயைவிட நிற்கும், கையிலும் ஒட்டாது.

ஆற்றில் விழுந்து முழுகிவிட்டால் அப்படியே சுடக் கூடாது. பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினை எடுத்து, குழலின் பின்பக்க அறையில் இருக்கிற தோட்டாவை எடுத்து, குழலைப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார். சேறோ மணலோ அடைத்திருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கலாம்.

திரும்பி வந்ததும் நேராக இரும்புப் பெட்டிக்குள் வைக்காதே. டர்பன் கோடையின் புழுக்கத்தில் ஈரத் துப்பாக்கியைப் பூட்டினால் மறுவாரம் என்ன இருக்கும் என்று தூண்டில்காரர் சொல்வார். பிரித்து ஒரு ராத்திரி விசிறிக்கு முன்னால் வை, நீ பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில். உறையிலோ பஞ்சு மெத்தை வைத்த பெட்டியிலோ சேமிக்காதே. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடு, அதுவும் ஈரம் குடித்து நிரம்பிவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

டொங்காட் தூண்டில்காரர்:
மறுவாரம் வேண்டாம் அண்ணே, மறுநாளே தெரியும். தம்பி, லைசென்ஸ் தேதியையும் பாருங்கள், தற்காப்புக்கு ஐந்து வருடம்தான், முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் நடைக்கு முன்னால் அது முடிகிறது என்றால் இந்த எண்ணெய்ப் பேச்செல்லாம் அப்புறம்.