புதுப்பிப்பு: பைக் வேலைக்கு இடம் கிடைத்துவிட்டது

பார்க்கிங்கில் செயின் கழுவக் கூடாது என்று அபார்ட்மென்ட் சங்கம் தடை போட்டதையும், சிட்னி நியூடவுனின் ரைசிங் சன் வொர்க்‌ஷாப் போல, கருவிகளைப் பகிர்ந்துகொண்டு அவரவர் பைக்கை அவரவரே பழுது பார்க்கும் ஒரு பொதுப் பட்டறை சென்னையிலும் வேண்டும் என்றும் போன மாதம் எழுதியிருந்தேன்.

இப்போது ஐந்து பேர் சேர்ந்து வேளச்சேரியில் ஒரு ஷட்டர் கடையை வாடகைக்கு எடுத்துவிட்டோம். பேடாக் ஸ்டாண்ட் (சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தாங்கி), டார்க் ரெஞ்ச் (நட்டைச் சரியான அளவு விசையில் இறுக்கும் கருவி), ஸ்பானர் செட் எல்லாம் பொது.

ஞாயிற்றுக்கிழமை என் செயின் தொய்வை அளந்தேன்: 45 மில்லிமீட்டர்! என் வண்டிக் கையேட்டில் 25 முதல் 35 வரைதான். பின்சக்கர அச்சின் (ஆக்ஸில்) நட்டைத் தளர்த்தி, செயின் இறுக்கத்தை மாற்றும் இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவுக் கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணிவிடும், செயின் ஓடும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பல்லும் சீக்கிரம் தேயும்.

அப்புறம், கழிவு ஆயிலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தவர்களுக்கு: பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து வைக்கிறோம். சாக்கடையில் ஒரு சொட்டும் விடமாட்டோம். பிரேக் வேலையை மட்டும் மெக்கானிக் அண்ணன் பார்க்காமல் யாரும் வண்டியை வெளியே எடுப்பதில்லை.