வன்னி வெக்கைக்குக் குளிரூட்டிய கமரா: எதைப் பார்த்து வாங்கினோம்

மல்லாவியிலிருந்து

நெபுலா, விண்மீன் கொத்து, கலக்சி எடுக்கக் குளிரூட்டிய கமரா (சென்சரை, அதாவது ஒளியைப் பதிகிற சில்லை, மின்சாரத்தால் குளிராக்கி வைக்கும் கமரா) வாங்க நினைக்கிற எங்கட ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் வாசிக்கக் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை. அங்கே பலருக்கு இரவு குளிர், வானம் நகர வெளிச்சத்தில் வெளிறிப்போனது. எங்களுக்கு இரண்டுமே தலைகீழ். சித்திரை, வைகாசியில் நடுச்சாமத்திலும் 27, 28 பாகை நிற்கும். வானமோ கும்மிருட்டு. இவை இரண்டும் சேர்ந்து வருவதால் எங்கள் தெரிவும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

கொழும்பில் நின்று எடுப்பவருக்கு வானத்து வெளிச்சமே பெரிய இரைச்சல் (படத்தில் வரும் புள்ளிக் கலக்கம்). சென்சரின் சூட்டால் வருகிற இரைச்சல் அதற்குள் அமிழ்ந்துவிடும். இங்கே வானம் கறுப்பு. மங்கலான ஒரு நெபுலாவை எடுக்கும்போது அதோடு மல்லுக்கட்டுவது கமராவின் சொந்தச் சூடுதான். ஆகவே குளிரூட்டலால் கூடிய நன்மை இருட்டு வானமும் வெக்கை இரவும் உள்ள எங்களுக்கே. "நல்ல வானம் இருக்கு, டிஎஸ்எல்ஆர் காணும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நான் பழைய கெனன் டிஎஸ்எல்ஆரோடு பல வருடம் எடுத்தவன். அந்தக் கமரா ஒவ்வொரு படக் கோப்பிலும் தன் வெப்பநிலையைப் பதிந்து வைக்கும். முதல் படத்தில் 29 என்று இருக்கும், இரண்டு மணித்தியாலம் கழித்து 38 ஆகிவிடும். மூடியைப் போட்டு ஐந்து நிமிடம் திறந்து வைத்து எடுத்த இருட்டுப் படத்தை லப்டொப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். ஒரு ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு படலம். ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகைக்கும் இந்தச் சூட்டு மின்னோட்டம் இரட்டிக்கும். அந்தக் கணக்கில் 38இலிருந்து 0க்கு இறக்கினால் எண்பதில் ஒரு பங்காகக் குறையும். இருட்டுப் படத்தைக் கழித்தால் சரிதானே என்று கேட்பார்கள். கழித்தால் போவது சராசரி மட்டும். அதன் மேல் தாறுமாறாக ஏறி இறங்குகிற இரைச்சல் அப்படியே நிற்கும். அதோடு, இரவு முழுக்க வெப்பநிலை மாறிக்கொண்டிருக்கிற கமராவுக்கு எந்த இருட்டுப் படத்தைக் கழிப்பது?

கமரா வாங்கும்போது நான் முதலில் பார்த்த கேள்வி இதுதான்: வருடம் முழுக்க ஒரே வெப்பநிலையில் இதைப் பிடித்து வைக்க முடியுமா? பெரும்பாலான குளிரூட்டிய கமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 பாகை வரைதான் கீழே இறங்கும். வெளியே 28 என்றால் முழு மூச்சில் ஓடியும் மைனஸ் 7தான். மைனஸ் 10, மைனஸ் 20 என்று வெளிநாட்டார் சொல்வதை இங்கே சித்திரையில் செய்து பார்த்தால் குளிரூட்டி நூறு வீதத்தில் முட்டி நிற்கும், வெப்பநிலை அதன் போக்கில் மேலும் கீழும் போகும். நான் 0 பாகையில் வைக்கிறேன். மாசிப் பனியிலும் அதே 0, வைகாசிப் புழுக்கத்திலும் அதே 0. புதிய சோனி சென்சர்களுக்கு 0 பாகையிலேயே சூட்டு இரைச்சல் மிகக் குறைவு. இன்னும் பத்துப் பாகை இறக்கிக் கிடைக்கிற மிச்சம் எங்கள் வானத்திலும் பெரிதாகத் தெரியாது. மழை நாளில் வீட்டுக்குள் இருந்து ஒரு தொகுதி இருட்டுப் படம் எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் அதையே பாவிக்கலாம்.

பற்றரிக் கணக்கும் இதோடு ஒட்டியது. குளிரூட்டி முழுதாக ஓடினால் 12 வோல்ற்றில் 3 அம்பியர், அதாவது 36 வாற்று. நான் ஓட்டுகிற அளவில் 25 வாற்றுக்குக் கிட்ட வருகிறது. தாங்கி (வானத்தோடு சுழன்று தொலைநோக்கியைத் தாங்குவது), சின்னக் கணினி எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால் ஆறு மணித்தியாலத்துக்கு 300 வாற்று மணி. 100 அம்பியர் மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்றாலும் அது தாராளமாகத் தாங்கும். வயர் தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் கமராப் பக்கம் வோல்ற்று இறங்கி, நடு இரவில் குளிரூட்டி தடுமாறும்.

சரி, எந்தச் சென்சர்? நான் வாங்கியது இசட்டபிள்யூஓ கம்பனியின் ஏஎஸ்ஐ 533 எம்சி ப்ரோ என்ற நிறக் கமரா. அதே சோனி ஐஎம்எக்ஸ் 533 சென்சரை வேறு கம்பனிகளும் போட்டு விற்கின்றன. அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 11.3 மில்லிமீற்றர் சதுரம், 9 மெகாபிக்சல், ஒரு பிக்சல் 3.76 மைக்ரோன், 14 பிற். கெனனில் ஓரத்தில் வந்த ஊதாப் படலம் மாதிரி மூலையில் பரவுகிற ஒளிப்படலம் இதில் இல்லவே இல்லை. அண்ணன்காரன் மாதிரி இருக்கிற 2600 எம்சி ப்ரோவில் உள்ளது ஐஎம்எக்ஸ் 571. அதே பிக்சல், 16 பிற், 26 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவு. காசு இருந்தால் அதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு எண்ணம்.

பெரிய சென்சர் என்றால் மூலை வரை நட்சத்திரம் வட்டமாக வர வேண்டும். அதற்குத் தொலைநோக்கியின் படத்தை ஓரம் வரை தட்டையாக்கும் லென்சிலிருந்து சென்சர் வரை உள்ள தூரம், வழக்கமாக 55 மில்லிமீற்றர், பிசகாமல் இருக்க வேண்டும். கமரா ஒரு மயிரளவும் சரியக் கூடாது. அரை மில்லிமீற்றர் வளையம் ஒன்று தேவைப்பட்டால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்தக் கடையில் போய்க் கேட்பது? சின்னச் சதுரச் சென்சர் இந்தப் பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும். கோப்பும் சின்னது: 533இன் ஒரு படம் 18 மெகாபைற்று, 2600இன் ஒரு படம் 52. பழைய லப்டொப்பில் நூறு படத்தை அடுக்கிப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

400 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள தொலைநோக்கிக் குழாயில் 533 காட்டுவது 1.6 பாகைச் சதுரம். ஒமேகா சென்டோரி விண்மீன் கொத்து அதற்குள் தாராளமாக அடங்கும். கரீனா நெபுலாவின் நடுப்பகுதி நிறைவாக வரும், ஓரங்கள் வெட்டுப்படும். அந்திரொமீடா கலக்சியை முழுதாக எடுக்க ஆசைப்பட்டால் இது போதாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் கரீனாவும் ஒமேகா சென்டோரியும் லண்டனில் இருப்பவருக்கு உதிப்பதே இல்லை. எங்களுக்கு ஒமேகா சென்டோரி தெற்கே 33 பாகை உயரத்துக்கு ஏறி வருகிறது, கரீனா 21 பாகைக்கு. இருக்கிற செல்வத்தை எடுக்கத் தெரிவு செய்யுங்கள்.

ஒரு விசயம் மறக்க வேண்டாம். 533 எம்சியின் முன்கண்ணாடி அகச்சிவப்பை வெட்டாது. அதற்கென்று ஒரு பில்டர் தனியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் குழாயில் நட்சத்திரங்கள் ஊதிப்போய் வரும்.

தாங்கியின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைக்க வேண்டும், ஆனால் துருவ நட்சத்திரம் எங்களுக்கு 9 பாகை உயரம்தான். ஒரு பனை, ஒரு வேலி, முடிந்தது. துருவத்தைப் பார்க்காமலே மூன்று இடத்தில் படம் எடுத்து அச்சைச் சரிப்படுத்துகிற வசதி நினா மென்பொருளில் இருக்கிறது, அதைப் பழகுங்கள். துருவம் தெரிகிற வெளி தேடி இரவில் காட்டுக் கரைக்குப் போக வேண்டாம். ஆனை வருகிற இடங்கள், மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டு வளவு, தெரிந்தவரின் வயல் வரம்பு, இவை காணும்.

முல்லைத்தீவிலிருந்து

அண்ணை, 0 பாகைக் கணக்கு எனக்கும் ஒத்துவருகிறது. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

சென்சர் அறை மூடியிருந்தாலும் மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போகும். ஒரு இரவு என் படத்தின் நடுவில் மங்கலாக ஒரு திட்டு வந்தது. தூசி என்றால் ஒரே அளவில் நிற்கும். இதுவோ படத்துக்குப் படம் வளர்ந்தது, ஓரம் முள்முள்ளாக இருந்தது. சென்சருக்கு மேல் பனிக்கட்டி படிகிறது என்று அதில்தான் விளங்கியது. உள்ளே ஈரம் உறிஞ்சும் வில்லைகள் இருக்கின்றன. ஏசி போட்ட அறையில் கமராவைத் திறந்து, உலர்ந்த வில்லைகளை மாற்றி மூடினேன். பிறகு இல்லை. வாங்கும்போதே மாற்று வில்லைகளும் சேர்த்து வாங்குங்கள். முன்கண்ணாடிக்குச் சின்ன ஹீற்றர் உள்ள கமராவாகவும் இருக்கட்டும். தை, மாசியில் குழாயின் லென்சுக்கும் ஹீற்றர் பட்டி கட்டாயம், அது வேறு கதை.

நிறக் கமராவா, கறுப்பு வெள்ளையா என்பது பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே! நான் கறுப்பு வெள்ளைச் சென்சர்க்காரன், என்னிடம் இருப்பது அதே 533இன் எம்எம் வகை. நிறச் சென்சரில் நாலு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு. ஹைட்ரஜன் அல்பா, அந்த 656 நானோமீற்றர் சிவப்பை, என்னுடையதில் எல்லாப் பிக்சலும் வாங்கும். அந்தச் சிவப்பை மட்டும் விடுகிற குறுகிய பில்டர் போட்டால் நிலாக் காலத்திலும் வேலை செய்யலாம். மழை போய் வானம் வெளிக்கிற மாதங்களே கொஞ்சம், அதிலும் பாதி இரவு நிலா. அதையும் விடுவதா?

வவுனியாவிலிருந்து

அண்ணா, என்னிடம் இருப்பது 294 எம்சி ப்ரோ. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பாவித்தது ஒன்றை வாங்கினேன். 4.63 மைக்ரோன், பெரிய பிக்சல் என்பதால் சீக்கிரம் ஒளி சேருகிறது, பிள்ளைகள் திரையில் ஒரையன் நெபுலாவைப் பார்த்ததும் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன ஒளிப்படலம் இதில் ஓரத்தில் பளிச்சென்று வரும். இதை விற்றுவிட்டு 533க்குப் போகவா?

மல்லாவியிலிருந்து

ரீச்சர், விற்க வேண்டாம். அந்தப் படலம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவது, ஆகவே கழிபடும். வெப்பநிலை, திறந்து வைக்கிற நேரம், கெயின் (சென்சர் தருவதைப் பெருக்குகிற அளவு) மூன்றும் படத்தில் இருந்தபடியே இருட்டுப் படத்திலும் இருக்க வேண்டும். சமதள வெளிச்சப் படத்தை (தூசி, ஓர மங்கலைச் சரிசெய்ய ஒரே சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) மூன்று செக்கனுக்குக் குறையாமல் எடுங்கள். மிகக் குறுகிய நேரத்தில் 294 ஒழுங்காக நடக்காது என்று அதைப் பாவிப்பவர்கள் சொல்வார்கள். வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாகக் குழாயில் கட்டினால் நேரம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு உடனே நிறத்தில் காட்ட உங்களுடையது நல்ல கமரா.

தம்பி, கறுப்பு வெள்ளையில் நீ சொன்னது முழுக்கச் சரி, நிலா இரவுக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் பில்டர் சக்கரம், பில்டர்கள் என்று கமராவின் விலைக்கு மேல் இன்னொரு விலை வரும். அதோடு சிவப்பை எடுத்து முடித்து நீலத்துக்குப் போகும்போது முகில் மூடினால் அன்றைய படம் அரைகுறை. முதல் கமரா வாங்குகிறவருக்கு நிறக் கமராதான் என்பது என் எண்ணம். இரண்டாவதாக வாங்குகிறவர் உன்னிடம் கேட்கட்டும்.

பாவித்த கமரா வாங்குகிறவர்களுக்கு: காசு கொடுக்க முன் 0 பாகையில் ஐந்து நிமிட இருட்டுப் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரம் அறையின் வெப்பநிலை என்ன, குளிரூட்டி எத்தனை வீதத்தில் ஓடியது என்றும் கேளுங்கள். 28 பாகை அறையில் நூறு வீதத்தில் ஓடியும் 0க்கு இறங்கவில்லை என்றால் அந்தக் கமராவை விட்டுவிடுங்கள்.