பெர்லின் டிக்கெட்டில் முத்திரை சரியாக விழவில்லை, என்ன செய்வது?

பெர்லினுக்கு முதல் பயணம். கையில் ஏ-பி-சி கட்டண மண்டலங்களுக்கான 24 மணி நேரக் காகித டிக்கெட். விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் இதை வாங்கினேன். இன்று ஞாயிறு காலை அலெக்சாண்டர்பிளாட்ஸ் பாதாள ரயில் நடைமேடையில், தேதியும் நேரமும் முத்திரை குத்தும் மிஷினில் விட்டேன். சத்தம் வந்தது, ஆனால் மை மங்கல்: தேதி தெரிகிறது, நேரம் வெறும் கறை. வெளிச்சத்தில் பிடித்தும் படிக்க முடியவில்லை.

முயன்றவை: இன்னொரு மிஷினைத் தேடினேன், இரண்டாவது முத்திரை முதலாவதின் மேல் விழுந்தால் டிக்கெட்டே செல்லாதோ என்று அடிக்கவில்லை. கவுன்டர் மூடியிருக்கிறது. மங்கிய முத்திரையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே நுழைவுக் கதவு கிடையாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் மாட்டினால் 60 யூரோ அபராதம்.

நேரத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டு பயணிக்கலாமா, இல்லை புது டிக்கெட் வாங்கியே ஆக வேண்டுமா?