போனைப் பார்த்து வைத்தியம் பார்த்த டாக்டர்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். போன தை மாதம், கதிரறுத்த வயலில் பந்து பொறுக்கப் போன அண்ணன் மகன், ஒன்பது வயது, "சித்தப்பா, ஏதோ கடிச்சிருச்சு" என்று அழுதுகொண்டே ஓடிவந்தான். கணுக்காலுக்கு மேல் இரண்டு பல் தடம். பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஒருவர் சாரை என்றார், இன்னொருவர் விரியன் என்றார். 108-க்குப் போன் போட்டுவிட்டு, துண்டால் காலை இறுக்கிக் கட்டினோம். அப்படிக் கட்டக் கூடாது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

அங்கே இருந்தவர் இளவயசு டாக்டர். எத்தனை மணிக்குக் கடித்தது, வாந்தி எடுத்தானா என்று கேட்டார். பையனை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இமை தொங்குகிறதா என்று கவனித்தார். பிறகு நர்ஸிடம், "கண்ணாடிக் குழாய்தான் வேணும், பிளாஸ்டிக் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவினதும் வேண்டாம்" என்றார். 2 மில்லி ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். "இருபது நிமிஷம், யாரும் இந்த மேசையைத் தொடாதீங்க."

அப்புறம் போனை எடுத்து எதையோ படிக்க ஆரம்பித்தார். அண்ணிக்குப் பதறிவிட்டது. எனக்கும் கோபம்தான். "என்ன சார், போனைப் பார்த்தா வைத்தியம் பார்க்கிறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "மருந்தளவு எனக்குத் தெரியும்ணே. ஆனாலும் ஒரு தடவை சரிபார்த்துட்டுத்தான் போடுவேன்" என்று திரையைக் காட்டினார். பாம்புக்கடி சிகிச்சைக்கான அரசு வழிகாட்டி. விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு என்று அதில் இருந்தது. "மத்த மருந்துன்னா எடைக்குத் தக்கபடி குறைப்போம். இங்கே முறிக்க வேண்டியது விஷத்தை. சின்னப் பையன்னு பாம்பு விஷத்தைக் குறைச்சா இறக்கும்?"

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை என்றும் சொன்னார். எங்கள் ஊரில் இன்னமும் பாம்பைத் தேடியே நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் ஏறினால் ரத்தம் இப்படி உறையாமல் போகுமாம். உடனே பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, கடித்த நேரம், குழாயில் கண்டது, கொடுக்கப்போகும் அளவு எல்லாவற்றையும் சொன்னார். 10 குப்பி மருந்து டிரிப்பில் ஏறியது. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. சில வருடம் முன்பு, மூட்டுவலி என்று போன ஒரு கிளினிக்கில், சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறி, அப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல. மளமளவென்று எழுதித் தள்ளுகிறவரைத்தான் கெட்டிக்கார டாக்டர் என்று நாங்கள் நம்பியிருந்தோம். இப்போது அப்பாவின் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கிறது. எங்கே போனாலும் அதைப் பிரித்துக் காட்டி, டாக்டர் படித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

ஆறு மணி நேரம் கழித்து, நள்ளிரவு தாண்டி, அதே டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி இருபது நிமிடம் காத்திருந்தார். குழாயைச் சாய்த்தார். ரத்தம் கெட்டியாக அடியிலேயே நின்றது. "அண்ணி, இங்கே வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.