கண்ணில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு: எனக்கு வந்தது மெட்ராஸ் ஐ இல்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை எனக்கு. போன கோடையில் இடது கண்ணில், காதுப் பக்கமாக, வெள்ளை விழியில் ஒரு திட்டு மட்டும் சிவந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேர். பீளை இல்லை, காலையில் இமை ஒட்டவில்லை, பார்வையும் தெளிவு. லேசான உறுத்தல் மட்டும்தான். ஆனால் பட்டறையில் யார் கேட்கிறார்கள்? "மெட்ராஸ் ஐப்பா, தள்ளி உட்காரு" என்று என் டீ டம்ளரைக்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மா நந்தியாவட்டைப் பூவோடு நின்றார்.

கண் டாக்டர் முதலில் வெள்ளித்தூள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தாடையை வைத்துப் பார்க்கிற மெஷினில் பார்த்தார், ஒன்றுமில்லை. அப்புறம் பினைலெஃப்ரின் என்று ஒரு சொட்டு விட்டு வெளியே உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் காட்டினார், சிவப்பு நன்றாக வெளுத்திருந்தது! மேலாக ஓடும் ரத்தக்குழாய் என்றால் அந்த மருந்துக்குச் சுருங்கிவிடுமாம். வெள்ளை விழியிலேயே ஆழத்தில் வரும் அழற்சி, அதாவது ஸ்கிளீரைட்டிஸ் என்றால் அப்படி வெளுக்காது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு வலிக்கும், பார்வைக்கும் ஆபத்து. எனக்கு வந்தது எபிஸ்கிளீரைட்டிஸ், வெள்ளை விழி மேல் இருக்கிற மெல்லிய படலத்தில் அழற்சி. யாருக்கும் ஒட்டாது. ஈரப்பதத்துக்கு ஒரு சொட்டு மருந்தும், குளிர்ந்த துணி ஒத்தடமும்தான் சொன்னார்; இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும் என்றார், அடங்கியது.

பலருக்குக் காரணமே தெரியாமல் வந்து போகுமாம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் விடக்கூடாது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கிற என் அத்தை மகளுக்கு அப்படித்தான் வந்துகொண்டே இருந்தது, காலையில் விரல் மடக்க முடியவில்லை என்றும் சொல்வாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூட்டுகளில் அழற்சி வரும் முடக்குவாதம், இப்போது அதற்கு மருந்து சாப்பிடுகிறாள்.

மெடிக்கலில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சிலதில் ஸ்டீராய்டு இருக்கும், இஷ்டத்துக்கு விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணில் பிரஷர் ஏறும், புரையும் விழும்.

சரி, உங்களில் யாருக்காவது சிவப்போடு சின்ன முடிச்சு மாதிரி வந்திருக்கிறதா? அந்த வகை அடங்கக் கூடுதல் நாளாகும் என்று டாக்டர் சொன்னார். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.