ஹெட் போல்ட்: கைக்கணக்கு போதுமா, டார்க் ரெஞ்ச் வேண்டுமா?

அம்பை_டிராக்டர்:
மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர். பிசானம் அறுப்பு முடிந்த கையோடு எஞ்சினைப் பிரித்து லைனர் (பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய்), பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். வால்வு கிரைண்டிங் செய்து, எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே புது ஹெட் பேக்கிங் வைத்து ஏற்றியாச்சு. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தொளி (சேற்று உழவு) அடிக்க வயலில் இறக்கிய நான்காம் நாள், வண்டி சூடேறுவதற்கு முன்பே ரேடியேட்டரில் குமிழி. ஆயில் ஸ்டிக்கை உருவினால் பால் கூடின டீ நிறம். மறுபடி ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். பேக்கிங்கில் இரண்டாம் சிலிண்டர் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரைக்கும் விரல் அகலத்துக்குக் கரி ஓடியிருக்கிறது. மெக்கானிக், வைத்த அளவு பலம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சை வைக்கவில்லை. பாக்ஸ் ஸ்பானரில் குழாய் மாட்டித்தான் முடுக்கினார். தப்பு அதில்தானா?

கடனாநதி_டீசல்:
அதில்தான். குழாய் மாட்டினால் கை நீளம் கூடுகிறது, எவ்வளவு பலம் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு போல்ட் கூடுதலாக இறுகும், பக்கத்துப் போல்ட் குறைவாக இறுகும், இடையில் பேக்கிங் சாகும். முடுக்குவது எப்போதும் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்பாரே, அந்தக் கணக்குதான். அதையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. மேனுவலில் 120 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால், முதல் சுற்று 50, அடுத்து 90, அப்புறம்தான் 120. ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

வண்ணார்பேட்டை_ஸ்பானர்:
தம்பி, வரிசையும் சுற்றும் நீங்கள் சொன்னது சரி. ஆனால் ரெஞ்ச் இல்லாததால்தான் பேக்கிங் போச்சு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 32 வருஷமாக ஹெட் ஏற்றுகிறேன். ரெஞ்சில் முடுக்கிய எஞ்சினும் என் பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. போல்ட்டுக்குக் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உரசுவதற்கே போய்விடும். மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அமுக்குகிறது. மரையில் துரு இருந்தால் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லிவிடும், ஹெட் அமுங்கியிருக்காது. அம்பைக்காரரிடம் மூன்று கேள்வி. மரை ஓட்டைகளைச் சுத்தம் செய்தார்களா? ஹெட்டின் அடிமுகம் சமமாக இருக்கிறதா என்று பேசிங் பார்த்தார்களா? லைனர் உயரத்தை யாராவது அளந்தார்களா?

கடனாநதி_டீசல்:
அண்ணாச்சி, உரசல் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. ஆனால் உங்கள் கை உணர்வதும் அதே உரசலைத்தானே? துருப்பிடித்த மரை ரெஞ்சை ஏமாற்றினால் கையையும் ஏமாற்றும். ரெஞ்சுக்காவது பத்துப் போல்ட்டுக்கும் ஒரே அளவு. காலையில் முதல் போல்ட்டை முடுக்கும் கையும், மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் கடைசிப் போல்ட்டை முடுக்கும் கையும் ஒன்றா?

வண்ணார்பேட்டை_ஸ்பானர்:
கை பலத்தை மட்டும் பார்க்காது. நல்ல மரையில் போல்ட் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி ஒரே சீராக இறுகிக்கொண்டு வரும். பிசிறு இருந்தால் ஸ்பானர் லேசாக நடுங்கும், விட்டு விட்டுத் திரும்பும், முனகல் கேட்கும். அந்த இடத்திலேயே நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்வேன். ‘டக்’ சத்தத்துக்குக் காத்திருக்கிற பையன்கள் இதைக் கவனிப்பதே இல்லை. புது எஞ்சின்களைப் பாருங்கள்: ஓரளவு டார்க் வைத்து, அதற்கு மேல் 90 டிகிரி திருப்பு என்றுதான் சொல்கிறார்கள். செய்தவர்களே ரெஞ்சை முழுதாக நம்பவில்லை.

கடனாநதி_டீசல்:
அதற்கு அவர்கள் தந்த மாற்று கோணமானி, கைக்கணக்கு இல்லையே அண்ணாச்சி! திருப்பிய கோணம்தான் போல்ட் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும், உரசல் அதில் குறுக்கே வராது. இன்னொன்று, அப்படி இழுபட்ட போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று மேனுவல் சொன்னால் போடவே கூடாது. பழைய போல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், புதுப் போல்ட் பக்கத்தில் வைத்தால்தான் நீண்டிருப்பது தெரியும்.

வள்ளியூர்_லேத்:
நான் ஹெட் பேசிங் செய்கிறவன். கேஸ் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று பார்த்தால், எனக்குச் சந்தேகம் லைனர் மேல்தான். தண்ணீரில் நிற்கும் லைனர், பிளாக் முகத்தை விட ஒரு முடி அளவு தூக்கலாக நிற்க வேண்டும். அந்தத் தூக்கல்தான் பேக்கிங்கின் வளையத்தை அமுக்கிக் கேஸை நிறுத்தும். மூன்றில் ஒன்று தாழ்ந்திருந்தால் எந்த ரெஞ்ச் வைத்தாலும் அந்த இடம் ஊதும். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், டயல் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆயிலில் தண்ணீர் வந்ததற்கு லைனர் அடியில் இருக்கும் ரப்பர் வளையமும் காரணமாக இருக்கலாம், அதையும் பாருங்கள். ஹெட்டையும் நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை சோதியுங்கள். வண்டி சூட்டோடு இருக்கும்போது ஹெட்டைக் கழற்றியிருந்தால் கோணியிருக்கும்.

அம்பை_டிராக்டர்:
இன்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். முதல் லைனரும் மூன்றாவதும் 0.08 மி.மீ. தூக்கல். இரண்டாவது பிளாக்கை விட 0.03 மி.மீ. தாழ்வு! லைனரின் காலர் (மேல் விளிம்பு) உட்காரும் பள்ளம் அரித்துப்போயிருக்கிறது. அப்புறம் போல்ட் ஓட்டைகளில் காற்று அடித்தோம். இரண்டு ஓட்டையிலிருந்து கறுப்பாக ஆயிலும் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு வந்தது.

வண்ணார்பேட்டை_ஸ்பானர்:
நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பள்ளத்தைச் சீவி, அடியில் வளையம் போட்டு உயரத்தைச் சரி செய்யுங்கள்.

கடனாநதி_டீசல்:
லைனர் விஷயத்தில் நீங்களும் லேத் அண்ணாச்சியும் சொன்னதே சரி, அதை ஏற்கிறேன். ஆனால் அடி மூடிய ஓட்டையில் ஆயில் நின்றால் போல்ட் ஆயிலைத்தான் அமுக்கும், ஹெட்டை அமுக்காது. குழாய் மாட்டி இன்னும் கொஞ்சம் முடுக்கியிருந்தால் பிளாக்கே வெடித்திருக்கும். அந்த இரண்டு போல்ட்டும் இறுகிவிட்டன என்றுதானே மெக்கானிக்கின் கையும் சொல்லியிருக்கிறது?

வண்ணார்பேட்டை_ஸ்பானர்:
சொல்லியிருக்கும். சரி, அம்பைக்காரரே, பள்ளம் சீவினதும் வாருங்கள். என் பையன் வாங்கிவைத்த ரெஞ்ச் ஒன்று பெட்டியில் கிடக்கிறது. முதல் இரண்டு சுற்றையும் நான் கையால் முடுக்குகிறேன், மரையின் போக்கு எனக்குத் தெரிய வேண்டும். கடைசிச் சுற்றுக்கு ரெஞ்ச் வைக்கலாம். ஓட்டிச் சூடாக்கி, ஆறினதும் ஒரு முறை திரும்ப முடுக்கித்தான் அனுப்புவேன்.

கடனாநதி_டீசல்:
திரும்ப முடுக்குவது பேக்கிங்கைப் பொறுத்தது அண்ணாச்சி. பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் என்றால் பொதுவாக வேண்டாம், பழைய மாதிரி என்றால் மேனுவல் சொல்கிறபடி செய்யுங்கள். எப்படியானாலும் அப்புறம் டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்க மறக்க வேண்டாம், ஹெட் அமுங்கினால் அந்த இடைவெளி மாறும். அந்த ரெஞ்சை ஸ்பிரிங் தளர்த்தித்தான் பெட்டியில் வைத்திருந்தீர்களா? முடுக்கியபடியே வருஷக்கணக்கில் கிடந்திருந்தால், ஹெட்டில் வைப்பதற்கு முன்னால் அளவைச் சோதித்துவிடுங்கள்.